ஸ்டீரியோவில் அவர் குரல்

ஆடி 27, ஞாயிறு

என் வீட்டுக்காரர் கடைசியாகச் சுரங்க ஷிப்டுக்குப் போய்த் திரும்பாத அன்று, ஸ்டீரியோ மைக்கில் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிப் பதிவு செய்திருக்கிறார். அந்தக் கேசட் போன மாதம்தான் அலமாரியில் கிடைத்தது. தினமும் போட்டேன். குரல் மங்கிக்கொண்டே வந்தது. நானே தேய்த்துவிட்டேனோ என்று பயம்.

இன்று பக்கத்து குவார்ட்டர்ஸ் எலக்ட்ரீஷியன் மணி வந்து பார்த்தான்.

"கேசட்டு நல்லாத்தான் இருக்குதுக்கா. டேப்பு ஒரசற ஹெட்லதான் தூசி அடைச்சிகினு கெடக்குது. மைன்ஸையே உள்ள வச்சிருக்கீங்க. யாரும் தொடைக்கறதில்லயா?"

"அவருதான் தொடைப்பாரு தம்பி."

பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைத்தான். பஞ்சு பழுப்பாகிவிட்டது. மறுபடி போட்டதும், அவர் பக்கத்தில் நின்று எண்ணுவதுபோல் இருந்தது. "மூணு" முடிந்ததும் பின்னால் லேசாக ஒரு பெண் குரல்.

"உங்க ஒடம்புக்கு ஒண்ணுமில்ல, லீவெல்லாம் வேணாம். பஸ்ஸு வந்துடும், கெளம்புங்க."

நான்தான். இதற்கு முன் அது என் காதில் விழவேயில்லை.

"இப்ப கிளியரா இருக்குல்லக்கா?" என்றான் மணி. ஆமாம் என்றேன்.

இனி ஹெட்டைத் துடைக்கப் போவதில்லை. தூசி படிந்தால் அவர் குரலும் ஒருநாள் போய்விடும், தெரியும். ஆனால் முதலில் போவது என் குரல்தான்.