வரிசைப் படகு

ஏரி முகாம்
ஜூன் 29

கோல்பி,

இல்லை, யாரும் அழவில்லை. எனக்கே அது புரியவில்லை. கோச் ரூத் எங்களைப் படகுக் கொட்டகையில் மொத்தமாக உட்கார வைத்துச் சொன்னார். கல்லூரி விளையாட்டுக்காரர்கள் சம்பளம் கேட்டுப் போட்ட வழக்கு முடிந்துவிட்டது. இனி விளையாடுகிறவர்களுக்குப் பல்கலைக்கழகமே சம்பளம் கொடுக்கலாம். அதே உடன்பாட்டில், ஒவ்வொரு அணியிலும் இத்தனை பேர்தான் என்று ஒரு வரம்பும் இருக்கிறது. உதவித்தொகையோடு வந்தவர்கள் இருப்பார்கள். உதவித்தொகை இல்லாமல் வந்து சேர்ந்தவர்களில் ஒருத்திக்கு மட்டும் இடம். அது டெலா. மற்றவர்கள் லாக்கரைக் காலி செய்யலாம்.

பின்னாலிருந்து ஒருத்தி, "சாக்ஸை எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டோம். கோச்சும்.

கோடை விடுமுறைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இந்த முகாமில் போன் எடுக்காது. அதனால்தான் காகிதம். அம்மா பள்ளி பஸ் ஓட்டிய காலத்தில், பஸ்ஸில் கத்தக்கூடாது என்பதற்காக நாம் துண்டுச் சீட்டு எழுதி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவோமே, அப்படி வைத்துக்கொள். உனக்கு எழுத வராது என்று தெரியும். இருந்தாலும் எழுது.

அன்றைக்கு ஊருக்குத் திரும்பும் வழியில் நீ கேட்டாய், அப்படி என்னதான் இருக்கு அந்தப் படகில் என்று. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். இப்போது சொல்கிறேன்.

முதல் வருடம், அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிற வரிசையில் நின்றிருந்தேன். கோச் ரூத் வரிசையை ஒட்டி நடந்து வந்தார். முகங்களைப் பார்க்கவில்லை, தலைகளுக்கு மேலே பார்த்தார். என்னிடம் வந்து நின்றார்.

"உயரமா இருக்கே. தண்ணின்னா பயமா?"

"இல்ல."

"காலைல அஞ்சு மணிக்கு எந்திரிப்பியா?"

"மாட்டேன்."

"எந்திரிப்பே."

அவ்வளவுதான். என் படகில் எட்டு பேரும் அப்படி வரிசையிலிருந்து பொறுக்கப்பட்டவர்கள். யாரும் அதற்கு முன் துடுப்பைத் தொட்டதில்லை. மற்ற பெண்கள் கேலியாக வரிசைப் படகு என்றார்கள். நாங்கள் அந்தப் பெயரையே வைத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் கேட்டாய். என் கட்டிலுக்கு அடியில் நீ இடறி விழுந்த பெட்டி. அதில் இருப்பவை மற்ற கல்லூரிகளின் சட்டைகள். கடையில் வாங்கியவை அல்ல. போட்டி முடிந்து படகுகள் துறைக்கு வந்ததும், தோற்றவள் தன் சட்டையைக் கழற்றி, எதிர்ப் படகில் அதே இருக்கையில் இருந்து ஜெயித்தவளிடம் கொடுக்க வேண்டும். வியர்வையோடு, ஈரத்தோடு. வாங்கியவள் போட்டுக்கொள்ளலாம். கொடுத்தவள் திருப்பிக் கேட்கக்கூடாது. எங்கும் எழுதிவைக்கவில்லை, ஆனால் யாரும் மீறியதும் இல்லை. நான் வாங்கியதைவிடக் கொடுத்தது அதிகம். சிரிக்காதே.

போன வருடம் ஞாயிற்றுக்கிழமைகளில் நீ ஸ்டேடியம் பக்கத்துப் பாலத்தில் டோனட் பையோடு நின்று, நாங்கள் அடியில் போகும்போது என் பெயரைத் தப்புத் தப்பாகக் கத்துவாய். படகில் திரும்பிப் பார்க்கக்கூடாது. நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. ஆனால் பாலத்தின் நிழல் முதுகில் விழும்போதே காதைத் தீட்டிக்கொண்டுவிடுவேன்.

அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது?

அன்புடன், உன் அக்கா
ப்ரிட்டா


பல்கலைக்கழகம்
ஜூலை 9

அக்கா,

எழுத வராது என்று சொல்லிவிட்டாய். அதனால் எழுதுகிறேன்.

ஃபுட்பால் அணியின் சம்பள ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கண்ணாடி அறை, தண்ணீர் பாட்டில், பேனாவை என் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அம்மா போனில் ஒன்றே ஒன்று கேட்டாள்: வேலை நேரம் எத்தனை மணிவரை என்று போட்டிருக்கிறதா? பள்ளி நிர்வாகத்தோடு சண்டை போட்டே பஸ் ஓட்டியவள், வேறு என்ன கேட்பாள்.

அப்பாவுக்குப் பிக்கப் வண்டி வாங்கிக் கொடுத்தேன். நீலம். அதைக் கொட்டகையில் நிறுத்தித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டார். பழைய வண்டியில்தான் இன்னும் போகிறார். ஏன் என்றேன். "மழை வரும்"கிறார். வண்டிக்கு மழையில் என்ன ஆகும் என்றேன். தினமும் சாயங்காலம் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கிறாராம். முட்டி அப்படியே.

எங்கள் லாக்கர்களில் இப்போது பெயரைக் காந்தத்தில் ஒட்டுகிறார்கள். முன்பு திருகாணி போட்டு முடுக்கிய தகடு. ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பதால் திருகாணி கட்டுப்படியாகவில்லை போல. என் பக்கத்து லாக்கரில் வந்த புது ஆள் நேற்று கேட்டான், "நீ எந்தக் காலேஜ்லேர்ந்து வந்தே?" என்று. "நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றேன். அவன் என்னைப் பாவமாகப் பார்த்தான்.

நல்லவன்தான். ஜனவரியில், ஆட்கள் கல்லூரி மாறுகிற சமயத்தில், இருப்பானா தெரியாது. நான் இருப்பேனா என்பதும் தெரியாது. ஏஜென்ட் ஒவ்வொரு வாரமும் வேறு வேறு ஊர்ப் பெயர் சொல்கிறார்.

நீ பஸ்ஸை எழுதியதும் ஞாபகம் வந்தது. ஹீட்டர் அம்மா காலடியில் மட்டும்தான் வேலை செய்யும். தோற்றுவிட்டு வரும்போது அம்மா ரேடியோ போடமாட்டாள். ஜெயித்தால் போடுவாள். பின்னால் அத்தனை பேரும் ஒருவன்மேல் ஒருவன் சாய்ந்து தூங்குவோம். யாருடைய வாயிலிருந்து யாருடைய தோளில் எச்சில் வழிந்தது என்றே தெரியாது. இப்போது விமானம். ஆளுக்கு ஒரு ஜன்னல், ஆளுக்கு ஒரு ஹெட்போன்.

உனக்காக ஒன்று செய்திருக்கிறேன். என்னவென்று இப்போது சொல்லமாட்டேன். கோச் ரூத் கூப்பிடுவார்.

உன் தம்பி
கோல்பி


ஏரி முகாம்
ஜூலை 24

கோல்பி,

கூப்பிட்டார். முகாமில் ஒரே ஒரு போன், சமையலறைச் சுவரில். சமையல் செய்கிற ஃபெர்ன் மாவுக் கையோடு அதை நீட்டி, "உன் கோச்சாம். யாரோ செத்த மாதிரி பேசறாங்க" என்றாள்.

கோச் ரூத் சுற்றிவளைக்கவில்லை.

"உனக்கு ஒரு இடம் இருக்கு."

"எப்படி?"

"இருக்கு."

"யாரு போறா?"

"அதை என்கிட்ட ஏன் கேக்கறே? உன் தம்பியோட ஏஜென்ட்டைக் கேளு" என்றார். அவர் என்னிடம் அந்தக் குரலில் பேசியதே இல்லை.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறாய். அக்காவுக்குப் படகில் இடம். மேலே இருப்பவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை. உனக்குத் தருகிற தொகைக்கு முன்னால் ஒரு பெண், ஒரு இருக்கை, என்ன பிரமாதம். சரி என்றிருக்கிறார்கள். ஆனால் வரம்பு வரம்புதான். ஒருத்தி உள்ளே வந்தால் ஒருத்தி வெளியே. உதவித்தொகை இல்லாதவர்களில் மிச்சம் இருந்தது டெலா.

டெலா யாரென்று உனக்குத் தெரியாது. எனக்கு முன் இருக்கை. மூன்று வருடம் அவள் முதுகைப் பார்த்துத்தான் துடுப்புப் போட்டிருக்கிறேன். அவள் முகத்தைவிட எனக்கு அவள் முதுகு பழக்கம். அவள் தோள் இறங்கினால் என் தோள் இறங்கும். காய்ச்சலோடு வந்திருந்தால் சொல்லாமலே தெரியும். அந்த முதுகை எடுத்துவிட்டு அங்கே என்னை உட்கார வைக்கிறாய். உட்கார்ந்து நான் எதைப் பார்ப்பது?

வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஃபெர்ன் மாவைப் பிசைந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். கேட்காத மாதிரி இருந்தாள்.

நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தெரியும். அது தெரிவதால்தான் இன்னும் கோபம் வருகிறது.

இதோடு ஒரு பொட்டலம் வரும். என் சட்டை. பச்சை, காலரில் கடைசிப் போட்டியின் கறை. வழக்கம் என்னவென்று உனக்கு எழுதியிருக்கிறேன். நீ ஜெயித்துவிட்டாய். வைத்துக்கொள்.

ப்ரிட்டா


பல்கலைக்கழகம்
ஆகஸ்ட் 12

அக்கா,

பொட்டலம் வந்தது. அதோடு நாலு நாள் சும்மா இருந்தேன். பிறகு எழுத உட்கார்ந்து மூன்று தாள் கிழித்தேன்.

அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். ஏஜென்ட் சிரித்தார். "முதல் தடவையா ஒருத்தன் குடுத்ததை வேண்டாங்கறான்" என்றார். டெலா இருக்கிறாள். போய்ப் பார்த்தேன், படகுத் துறையில். நான் யாரென்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீதானா அந்த டோனட்" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை. கையில் இருந்த துடுப்பின் மறுமுனையை என்னிடம் கொடுத்தாள். கொட்டகை வரை தூக்கிக்கொண்டு போனோம்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். ஒருத்தி உட்கார்ந்தால் ஒருத்தி எழுந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றியிருக்க வேண்டும். இங்கே யாராவது எழுந்து போனால் நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. காந்தத்தை எடுப்பார்கள், வேறு ஒட்டுவார்கள். இங்கே ஒன்றைக் கேட்கிற விதமும் இப்படித்தான். எனக்கு ஏதாவது வேண்டுமென்றால் ஏஜென்ட்டிடம் சொல்வேன். வந்துவிடும். உனக்கு வேண்டியதையும் அப்படியே கேட்டுவிட்டேன்.

சனிக்கிழமை, ஊரையெல்லாம் உள்ளே விட்டுப் பயிற்சி. உன் சட்டையை ஜெர்சிக்கு உள்ளே போட்டுக்கொண்டேன். துணிமணி பார்க்கிறவர் பார்த்துவிட்டார். கழற்று என்றார். நம் அணிக்குத் துணி தருகிற கம்பெனி சண்டைக்கு வரும் என்றார். எங்கள் அக்காவிடம் ஜெயித்தது என்றேன். "எதுல?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முத்திரை தெரியாதபடி, உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

நாம் எந்தப் போட்டியும் வைக்கவில்லை அக்கா. ஆனால் வாங்கியவன் போட்டுக்கொள்ளலாம் என்று எழுதியிருந்தாய். இந்த இடத்தில் யாரும் எனக்குத் தன் உடம்பிலிருந்து எதையும் கழற்றிக் கொடுத்ததில்லை.

நீ திரும்பி வருவாயா? கடைசி வருடத்தை வேறு எங்காவது முடிக்கப்போவதாக அம்மா சொல்கிறாள். படகு இருக்கிற வேறு கல்லூரிக்கு நான் பணம் கட்டுகிறேன் என்று எழுத வந்தேன். எழுதி அடித்துவிட்டேன். மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான்.

ஸ்டேடியத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் உனக்கு ஒரு சீட்டு எடுத்து வைத்திருக்கிறேன். ஜனவரிக்குப் பிறகு நான் எந்த ஊரில் இருப்பேனோ. இந்த ஒரு இலையுதிர் காலம்தான் கையில் இருக்கிறது.

கோல்பி


ஏரி முகாம்
ஆகஸ்ட் 24

என் கோல்பிக்கு,

இங்கே செய்தித்தாள் பழசாகித்தான் வரும். ஃபெர்ன் அதில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று கத்தியை வைத்துவிட்டு, "இந்த எருமை உன் தம்பிதானே?" என்றாள். நீதான். பந்தைப் பிடித்து விழுகிற படம். முகம் தெரியவில்லை. கழுத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை. தையல் வெளியே தெரிகிறது. வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டேன். அன்று கொட்டகையில் வராதது எல்லாம் அப்போது வந்தது.

அந்தச் சட்டையை நான் அன்பாக அனுப்பவில்லை. உனக்குத் தெரியும். தெரிந்தும் போட்டுக்கொண்டாய்.

வேறு கல்லூரிக்கு எழுதியிருந்தேன், உண்மைதான். அவர்கள் வரச் சொல்லிவிட்டார்கள். நல்ல ஆறு, நல்ல படகு. மூன்று நாள் அந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அங்கே போனால் துடுப்புப் போடலாம். ஆனால் எனக்கு வேண்டியிருப்பது துடுப்பு மட்டும்தானா என்று ஏரியில் பிள்ளைகளைக் குளிக்கவிட்டு உட்கார்ந்திருக்கும்போது யோசித்தேன். வேண்டியிருப்பது விடியாத நேரத்தில் கொட்டகை வாசலில் எட்டு பேர் கொட்டாவி விடுவது. பனியில் யார் யாரென்றே தெரியாமல் இருமலை வைத்துக் கண்டுபிடிப்பது. என்னைப் பொறுக்கி எடுத்தது ஒரு வரிசை. அதில் நான் என்ன ஓடுவேன், என்ன தூக்குவேன் என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டார்கள், போனேன்.

இந்த வருடம் அந்த வரிசைக்குப் பக்கத்தில் யாரும் நடக்கமாட்டார்கள். கோச் ரூத்துக்கு இனி அதற்கு இடமில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை.

உன்மேலும் இல்லை. நீ வாங்குகிறதை வாங்கு. அடிபடுவது உன் முட்டி. இவ்வளவு காலம் உன்னைப் போன்றவர்களைச் சும்மா விளையாடவிட்டு யார் யாரோ சம்பாதித்தார்கள், அப்போது எல்லாம் அழகாக இருந்ததாக நான் ஏன் நினைத்துக்கொள்ள வேண்டும்? ஆனாலும் அழகாகத்தான் இருந்தது. இரண்டும் உண்மை. இரண்டையும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ள எனக்கு இன்னும் வரவில்லை.

நம் பல்கலைக்கழகத்துக்கே திரும்பி வருகிறேன். அங்கே ஊர்ப் படகு மன்றத்தில் ஒரு பழைய மரப்படகு கிடக்கிறது. எட்டு பேர் படகுதான். ஒழுகும். டெலாவுக்கு எழுதினேன். அணியில் இருப்பதால் அவளால் எங்களோடு ஓட்ட முடியாது, ஆனால் சாவி வைத்திருக்கிறவரைத் தெரியுமாம். வரிசைப் படகில் மிச்சமிருக்கிற ஆறு பேரில் நாலு பேர் சரி என்றார்கள். சம்பளம் இல்லை, வரம்பு இல்லை, சட்டையும் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஆகவே என்னிடம் இப்போது சட்டை இல்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்கக்கூடாது, கேட்கவும் மாட்டேன். ஜனவரியில் எந்த ஊருக்குப் போனாலும் அதை எடுத்துக்கொண்டு போ. உள்பக்கம் திருப்பியே போட்டுக்கொள். அப்படியே நன்றாக இருக்கிறது.

சீட்டை எடுத்து வை. அப்பாவை அந்த நீல வண்டியில் வரச் சொல். மழை வந்தால் வரட்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்துக்கு வருவாயா? நான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

உன் அக்கா
ப்ரிட்டா

வியாழக்கிழமை. இதைத் தபாலில் போடாமல் கையிலேயே கொண்டுவந்துவிட்டேன். உன் அறைக் கதவுக்கு அடியில் தள்ளப்போகிறேன். காலையில் அடையாள அட்டை வரிசைக்குப் போனேன். வரிசையை ஒட்டி நடந்தேன். ஆறடிக்குக் கொஞ்சம் குறைவாக ஒரு பெண் நின்றிருந்தாள். தண்ணீர் என்றால் பயமா என்று கேட்டேன்.