மட்கார்டில் ஒரு வளையம்

அன்புள்ள வாலுக்கு,

கல்யாணமாகி இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும் உன்னை இப்படி அழைத்துத்தான் எழுத வருகிறது, மாப்பிள்ளை பக்கத்தில் இருந்தால் தாளை மடித்துக்கொள். இங்கே நானும் அப்பாவும் சுகம். அந்தச் சுகத்தில் அப்பாவின் இடது காலை மட்டும் நான் சேர்க்கவில்லை. அங்கே நீங்கள் நால்வரும் எப்படி இருக்கிறீர்கள், சின்னவனுக்கு இருமல் விட்டதா, படுத்தால் இருமுகிறானா ஓடினால் இருமுகிறானா, அதையும் எழுது. போனில் கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கோம்மா என்று ஒரே வாக்கியத்தில் கதவைச் சாத்திவிடுகிறாய், எனக்கு அது போதாது. இதையெல்லாம் நான் ஏன் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், போன் பேசும்போது அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், பேப்பர் படிப்பது போலக் கையில் வைத்துக்கொண்டு காதை இந்தப் பக்கம் விட்டிருப்பார். அவரைப் பற்றி அவர் காதுபட எப்படிச் சொல்வது.

ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பில் தகடு வைத்தது உனக்குத் தெரியும். எலும்பு கூடிவிட்டது, நரம்புதான் எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. பாதத்தை அழுத்து என்றால் அழுத்த வருவதில்லை. வரலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். கைத்தடியோடு குளியலறைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் போய் வருகிறார், அதோடு சரி. மற்ற நேரமெல்லாம் பின்பக்க ஜன்னல் ஓரம் அந்த நாற்காலிதான். தோட்டத்துப் பக்கம் ஒரு நாள்கூட இறங்கவில்லை. தான் இல்லாவிட்டால் அவரைக்காயும் தக்காளியும் காய்க்காது என்று முன்பு ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், இப்போது அவரைப்பந்தல் சரிந்து கிடப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுப் பேப்பரைத் திருப்புகிறார். வாழ்நாள் முழுக்க பஸ் ஓட்டிய மனிதர், போனது கிளட்ச் மிதிக்கிற கால். அவர் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. பிசியோதெரபி சொல்லித் தருகிற பெண் வருகிற நாளில் மட்டும் காலை நீட்டுவார், அவள் வாசல் தாண்டியதும் மடக்கிக்கொள்வார். அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால்தான் என்பது உனக்குத் தெரியாததா.

இந்த நிலைமையில்தான் நான் வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டேன். மூலைவீட்டு டீச்சர் தன் வீட்டுக் கொட்டகையைக் காலி செய்தார். உள்ளே தார்ப்பாய்க்கு அடியில் ஒரு குட்டி டிராக்டர், வயலுக்குப் போகிற பெரியது இல்லை, தோட்டத்தில் புல் வெட்டவும் சின்ன டிரெய்லர் இழுக்கவும் வைத்திருப்பார்களே அது. நம் சாப்பாட்டு மேசையைவிடக் கொஞ்சம் நீளம். அவர் அந்த வீட்டை வாங்கும்போதே அது அங்கே கிடந்ததாம், யாருடையது என்று அவருக்கும் தெரியவில்லை. எடைக்குப் போட ஆள் வந்து நின்றபோது நான் குறுக்கே போய், இது என் வயசு வண்டி, எனக்குக் கொடுங்கள் என்றேன். டீச்சர் சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டார். நானும் அவருமாகத் தள்ளிக்கொண்டு தெருவில் வந்ததை ஜன்னல்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தன. அப்பா மட்டும் எதற்கு இது என்றுகூடக் கேட்கவில்லை.

பஸ் பாடி கட்டுகிற கம்பெனியில் அத்தனை வருஷம் வெல்டிங் செய்த கைக்கு வீட்டுக் கேட்டும் ஜன்னல் கம்பியும் எத்தனை நாளைக்குத் தீனி போடும், நீயே சொல். பின் ஷெட்டில் விளக்கு மாட்டி, வைஸ், கிரைண்டர், வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் தூசி தட்டி இறக்கினேன். போல்ட் எல்லாம் துருவில் ஒன்றாகிப் போயிருந்தது, ராத்திரி எண்ணெய் விட்டு ஊறப்போட்டுக் காலையில் தட்டினால் ஒன்று வரும், இரண்டாவது தலை உடைந்து கையோடு வரும். பெட்ரோல் டேங்கில் எறும்பு குடும்பம் நடத்தியிருக்கிறது. மட்கார்டில் விரல் நுழைகிற ஓட்டைகள், அழுகின தகட்டை வெட்டி எடுத்துப் புதுத்தகடு அளந்து, புள்ளி புள்ளியாக ஒட்டிப் பிறகு தேய்த்து மட்டம் பார்த்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கத் தேய்க்க மேலே சிவப்பு, அதற்குக் கீழே மஞ்சள், கடைசியில் ஒரு பச்சை எட்டிப் பார்த்தது பார், அப்போது எனக்கு வந்த சந்தோஷத்தில் தனியாகவே சிரித்தேன். கம்பெனியிலிருந்து எப்படி வந்ததோ அப்படியே பழையபடி ஆக்கிவிடுவது என்று அன்றைக்குத் தீர்மானம் பண்ணி அப்பாவிடமும் சொன்னேன். பிறகு யார் எதை ஒட்டியிருந்தாலும் வெட்டு, எடு, தேய்.

அப்படி ஒட்டினவை நிறைய இருந்தன. கிளட்ச் மிதியிலிருந்து ஒரு கம்பி எழும்பி ஸ்டீயரிங்குக்கு இடது பக்கம் வந்து நின்றது, நுனியில் ஓர் இரும்பு உருண்டை. வெல்டிங் என்று சொல்லவே கூசுகிறது, கோழி குப்பையைக் கிளறினது போல ஒரு பற்று. மிதி இறுகிப்போயிருக்கிறது, எண்ணெய் விடச் சோம்பல்பட்ட எவனோ கம்பியைப் பற்றவைத்துக் கையால் தள்ளியிருக்கிறான் என்று முடிவு கட்டி, வாய்க்கு வந்தபடி அவனைத் திட்டிக்கொண்டே கிரைண்டரால் அறுத்துக் கழிவு வாளியில் போட்டேன். நிமிர்ந்தபோது ஜன்னலில் அப்பா எழுந்து நின்றுகொண்டிருந்தார். தீப்பொறியைப் பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்துக் கண் கெட்டுவிடும், உட்காருங்கள் என்று கையசைத்தேன். உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் இன்னொன்று எனக்குப் பிடிபடவில்லை. இடது மட்கார்டில் கை நுழைகிற அளவுக்கு ஒரு வளையம், அதற்கு நேர் கீழே கால் வைக்கிற தகட்டோரம் சின்னக் கிண்ணம் மாதிரி ஒரு குழாய்த் துண்டு. இரண்டும் அதே கோழி கிளறின கை. எதற்கு என்று தெரியாமல் அதை வெட்ட மனம் வரவில்லை, எனக்குத்தான் ஒரு விஷயம் புரியாவிட்டால் தலைக்குள் எறும்பு ஊருமே, நீ பொம்மைகளைப் பிரித்துப் போட்டது யார் ரத்தம் என்று நினைத்தாய். ஹார்டுவேர் கடைக்காரரிடம் படம் வரைந்து காட்டினேன், வெயிலுக்குக் குடை சொருக என்றார். டீச்சர் கொடி கட்டுவதற்கு என்றார். பிசியோதெரபிப் பெண் பூங்கொத்து வைக்க என்றாள், அவளுக்கு அந்த வயசு. அப்பாவிடம் கேட்டேன், எனக்கென்ன தெரியும் என்று பேப்பரைத் திருப்பினார். இன்னும் ஒன்று கேள். வலது கால் வைக்கிற தகடு தேய்ந்து வெள்ளி மாதிரி மின்னுகிறது, இடதுபக்கத் தகட்டில் வரிகூட அழியவில்லை. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆகியிருக்கிறது, கிளட்ச் மிதியின் ரப்பர் நேற்றுக் கடையில் வாங்கினது மாதிரி. இவ்வளவையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டும் உன் அம்மாவின் மரமண்டையில் ஏறவில்லை.

போன வாரம் என்ஜின் கிளம்பிவிட்டது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, பிளக் மாற்றி, கயிறு இழுத்து இழுத்துத் தோள் கழன்ற பிறகு ஒரு தும்மல், ஒரு கறுப்புப் புகை, அப்புறம் கடகடவென்று பிடித்துக்கொண்டது. நான் கந்தல் துணியால் கை துடைத்துக்கொண்டு திரும்பினால் ஷெட் வாசலில் அப்பா. பின்பக்கத்து மூன்று படியையும் தனியாக இறங்கி வந்திருக்கிறார். வண்டியைச் சுற்றி வந்தார், என்ஜின் சத்தத்தைக் காது சாய்த்துக் கேட்டார், ஒரு சிலிண்டர்தானே என்றார். அப்புறம் இருக்கையில் ஏறி உட்கார்வதற்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது. கையில் இருந்த தடியை, பார்க்காமலே, பாக்கெட்டில் பேனா செருகுகிற மாதிரி அந்த வளையத்தில் விட்டார். அது நேராக இறங்கிக் கிண்ணத்தில் உட்கார்ந்து ஆடாமல் நின்றது. என் கண் தடியிலிருந்து தேயாத இடதுபக்கத் தகட்டுக்குப் போனது, அங்கிருந்து கிளட்ச் மிதிக்கு, அங்கிருந்து மூலையில் இருந்த கழிவு வாளிக்கு.

நான் என்ஜினை நிறுத்தினேன். நீ வெட்டும்போதே தெரியும், அது கிளட்ச்சுக்குப் போட்ட கம்பி, கால் வராத ஆள் யாரோ ஓட்டியிருக்காங்க என்றார் அப்பா. தெரிந்தால் வாயைத் திறந்து சொல்வதற்கென்ன என்று சண்டைக்குப் போனேன். அவர் சத்தம் போடவில்லை. "வண்டி உன்னோடது. பழையபடி ஆக்கணும்னு நீதானே சொன்ன. என்னையும் தினம் காலைல எழுப்பி, பழையபடி ஆயிடுவீங்கன்னு சொல்ற. ஆகலன்னா என்ன பண்ணுவ?" என்றார். வாலு, பத்து டன் பஸ்ஸுக்கு அடியில் படுத்து வேலை பார்த்தவள் நான், பயந்ததில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்துவிட்டேன். தைரியம் சொல்கிறேன் என்று நினைத்துத்தான் தினமும் அதைச் சொன்னேன். அவர் காதில் அது, இப்படி இருந்தால் போதாது என்று விழுந்திருக்கிறது. அழுகை வந்தது, வெல்டிங் முகமூடியை இறக்கிக்கொண்டு வாளியைக் கிளறப் போனேன்.

கம்பி கிடைத்தது. நேராக்கி, உருண்டையைத் தேய்க்கப் போனபோது அப்பா கையைப் பிடித்தார், அதைத் தொடாதே என்றார். எத்தனையோ நாள் யாரோ பிடித்துப் பிடித்து வழுவழுவென்று கறுத்த உருண்டை அது, பெயிண்ட் வேண்டாமாம். சரி என்று அப்படியே விட்டேன். பற்றவைப்பு மட்டும் என்னுடையது, அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. அப்பா இருக்கையில் உட்கார்ந்து கையை நீட்டி இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் என்று சொல்ல, நான் சாக்பீஸால் குறித்து, புள்ளி வைத்து, அவர் தள்ளிப் பார்க்க, மறுபடி தட்டிக் கழற்றினேன். பஸ் சீட் பொருத்தும்போது டிரைவர்கள் பண்ணுகிற அத்தனை அழும்பும் பண்ணினார். எனக்கு அது எவ்வளவு இனிப்பாக இருந்தது தெரியுமா.

வெளியே எடுத்தது அவர்தான். தடியை வளையத்தில் விட்டு, கம்பியைத் தள்ளி, கியர் போட்டுக் கையை எடுத்தார், வண்டி ஒரு குதி குதித்து அணைந்தது. நல்லவேளை, பின்னாடி யாரும் நின்னுட்டு வரல என்றார். இரண்டாவது தடவை கிளம்பிவிட்டது. அவரைப்பந்தலைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டிப் பின்சுவர் வரைக்கும் போனார். போனவர் அங்கேயே நின்றுவிட்டார். என்ஜின் ஓடுகிறது, வண்டி திரும்பவில்லை. பெல்ட் கழன்றுவிட்டதோ, கால் மாட்டிக்கொண்டதோ என்று ஸ்பேனரோடு ஓடினேன். அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டிக்கு ஒண்ணுமில்ல. இவ்வளவு தூரம் நானா வந்து எவ்வளவு நாளாச்சு, அதான் கொஞ்சம் நிக்கிறேன்" என்றார். நான் ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வந்தேன், நான் பேசாமல் வந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய்.

இப்போது தினமும் ஒரு சுற்று உண்டு. டீச்சர் வீட்டுக் காய்ந்த இலையைக்கூட இழுத்து வந்து கொட்டுகிறார், பந்தலை நிமிர்த்தக் குச்சி வாங்கச் சொல்லியிருக்கிறார். நடைப்பயிற்சிக்கு இன்னும் அதே தகராறுதான், அதில் மாற்றமில்லை, டாக்டரும் அதே தலையாட்டல்தான். பழையபடி என்கிற வார்த்தையை மட்டும் நான் வீட்டில் எடுப்பதில்லை. சாயங்காலமானால் எங்களுக்கு ஒரே பேச்சு, அந்த வண்டிக்காரன் யார் என்பதுதான். வளையம் இருக்கிற உயரத்தை வைத்துப் பார்த்தால் நெட்டையான ஆள் என்கிறேன் நான். பற்றவைக்கத் தெரியாமலே பற்றவைத்த ஆள், அதனால் யாரிடமும் உதவி கேட்க மனசில்லாமல் தானே செய்துகொண்ட ஆள் என்கிறார் அப்பா. ஏன் அவன் அவன் என்கிறாய், பெண்ணாக இருக்கக் கூடாதா என்று முந்தாநாள் என்னையே மடக்கினார். வெல்டர் நான், எனக்கு அது தோன்றவில்லை பார். உனக்கு ஏதாவது தோன்றினால் எழுது.

நீ கம்ப்யூட்டர் முன்னால் கூன் போட்டு உட்காராதே, நடுவில் எழுந்து நட. மாப்பிள்ளையை வெறும் டீயில் ஓட்டாமல் காலையில் ஏதாவது வயிற்றுக்குப் போட்டுக்கொள்ளச் சொல். பெரியவள் எதையாவது பிரித்துப் போட்டால் அடிக்காதே, ஒரு ஸ்குரூ டிரைவர் வாங்கிக் கொடு. கை வைத்த காரியம் துலங்கி, நால்வரும் நோய் நொடி அண்டாமல் நிறைவாக இருக்கவேண்டும் என்பதே எங்கள் இருவரின் ஆசீர்வாதம். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது கால் எப்படிப்பா இருக்கு என்று அப்பாவிடம் கேட்காதே. இன்னைக்கு வண்டி எதுவரைக்கும்பா போச்சு என்று கேள். பதில் நீளமாக வரும், அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்.

இப்படிக்கு,
கையெல்லாம் பச்சைப் பெயிண்டோடு,
உன் அம்மா