வாழைத்தோப்புக்குள் போன படித்துறை

புனே
மார்ச் 1996

அன்புள்ள அத்தைக்கு, சங்கரனின் வணக்கம். மாமாவின் முட்டுவலி தேவலையா? நான் சுகம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

இங்கே ஒரு கூத்து நடந்தது. தாமிரபரணி வரைபடத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறோம். ஆற்றின் போக்கு பழைய சர்வே தாளிலிருந்து வந்தது. படித்துறைகளைச் செயற்கைக்கோள் கருவியால் குறித்தார்கள். உருண்டைப் பூமியைத் தாளில் விரிக்க ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தப் பாழாய்ப்போன டேட்டாபேஸோ எண்களை மட்டும் வாங்கிக்கொள்ளும், எந்தக் கணக்கென்று கேட்காது. நம்ம குறுக்குத்துறைப் படித்துறை ஆற்றைவிட்டு வாழைத்தோப்புக்குள் போய் உட்கார்ந்துவிட்டது.

பக்கத்து மேஜை சம்பந்தன், வள்ளியூர்க்காரன், ஒரே சிரிப்பு. "என்னவே, தோப்புக்குள்ள எவன் முங்கிக் குளிப்பான்? அந்தப் புள்ளிய அழிச்சிட்டு வாரும், டீ குடிப்போம்."

"அழிக்க மாட்டேன்வே. நீரு போம்."

எனக்கும் லேகாவுக்கும் கல்யாணமானதோ, அவள் அஸ்தியை நாம் அங்கேதான் கரைத்தோம் என்பதோ அவனுக்குத் தெரியாது. எரிச்சலோடு உட்கார்ந்து, ஒவ்வொரு இடத்துக்கும் அது எந்தக் கணக்கு என்று சொல்ல ஒரு கட்டம் சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே கணக்குக்கு மாற்றினேன். புள்ளி பைய நகர்ந்து தண்ணீரில் இறங்கியது. சம்பந்தன் எனக்கும் டீ வாங்கி வைத்திருந்தான். அது ஆறிப்போயிருந்தது.

அத்தை, என் அறை ஜன்னலுக்குத் திரை இல்லை, வெயில் முகத்தில் அடிக்கிறது. லேகா கட்டிய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்களுக்கு எதற்குச் சிரமம்? நானே துவைத்துக்கொள்கிறேன்.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான்.

சங்கரன்