மஞ்சள் விளக்கும் நாத்தனாரும்

மார்ச் 3, செவ்வாய்

காரின் டேஷ்போர்டு விளக்குத் தொல்லை இன்றும் தீரவில்லை. வண்டியைக் கிளப்பும்போது சாதுவாக இருக்கிறது, கொஞ்சம் வேகம் பிடித்ததும் மஞ்சளாகப் பல்லைக் காட்டுகிறது. முன்சக்கரத்தில் பிரேக் சென்சார் போய்விட்டதாம். விரல் அளவு சாமான். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அது வாயை மூடிக்கொண்டால், அவசரமாகப் பிரேக் மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கும்.

மாதக் கடைசியில் தகுதிச் சோதனை. விளக்கு எரிந்தால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால் என் டிரைவிங் ஸ்கூலும் இல்லை. ஸ்கூல் என்பதே நானும் இந்தக் கிழட்டு வண்டியும்தான்.

மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இந்த மாடலுக்கு அது இப்ப வர்றதே இல்லக்கா. விளக்கு வயரை வெட்டி விட்டுடறேன். யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியுமே. பொய் சொல்வதில் எனக்குப் பெரிய ஆட்சேபம் எதுவும் இல்லை. பிரேக்கில் மட்டும் வேண்டாம்.

மார்ச் 4, புதன்

நாத்தனாருக்கு வகுப்பு. என் கணவரின் அக்கா, எனக்கு அண்ணி. பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். யாருக்கும் தெரியாமல் கற்றுக்கொள்கிறார், முக்கியமாக அவர் வீட்டுக்காரருக்கு, நான் அண்ணா என்று கூப்பிடுகிறவருக்கு. அந்த வீட்டில் கார் அண்ணாவுடையது, சாவியும் அண்ணாவுடையது. அண்ணி எங்கே போக வேண்டுமென்றாலும் அவர் பேப்பர் படித்து முடிக்கக் காத்திருக்க வேண்டும்.

கத்திக்கொண்டேதான் ஓட்டுகிறார். சைக்கிள்காரர் மேல் கொஞ்சம், கியர் மேல் கொஞ்சம், மிச்சமெல்லாம் என் மேல். இன்று அந்த மஞ்சள் விளக்கு என்னவென்று கேட்டார். யோசிக்கவே இல்லை, வாயில் தானாக வந்தது.

"ஓட்டுறவங்க பதட்டத்தைக் கண்டுபிடிக்கிற விளக்கு அண்ணி. கத்தினா காட்டிக்கொடுத்துடும்."

நம்பிவிட்டார்! எப்படி நம்பாமல் இருப்பார், வேகம் கூடும்போதுதான் விளக்கும் எரிகிறது, அவர் தோளும் காதுவரை ஏறுகிறது. வகுப்பு முடியும்வரை கோயிலுக்குள் நடப்பவர்போல் ஓட்டினார். ஒரு எருமை குறுக்கே வந்தது. "போம்மா, மெதுவா போ" என்றார் அதனிடம்.

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 9, திங்கள்

தபாலில் வாங்கிய சென்சார் வந்தது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அட்டையில் போட்டிருந்தது. எந்த வண்டிக்கும் பொருந்தாது என்று போட்டிருக்கலாம். என் வண்டியில் இருப்பது பழைய வகை, உள்ளே வெறும் கம்பிச்சுருள். வந்தது புது வகை, தனியாகக் கரண்ட் கொடுத்தால்தான் பேசுமாம். திருப்பி அனுப்பியாயிற்று.

மார்ச் 11, புதன்

அண்ணி இப்போது கிளம்புமுன் கண்ணை மூடி மூச்சு இழுத்துவிடுகிறார். விளக்கு எரிந்ததும் "என் மனசு இன்னும் அடங்கல" என்று வருத்தப்படுகிறார். பாவமாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் மறுபடி கத்துவார். இன்னும் ஒரு வாரம் போகட்டும்.

மார்ச் 14, சனி

மாட்டிக்கிட்டேன்.

வகுப்போடு வகுப்பாக ஊருக்கு வெளியே பழைய வண்டி உடைக்கும் யார்டுக்கு அண்ணியையே ஓட்டிப் போகச் சொன்னேன். அவரை வண்டியிலேயே உட்கார வைத்திருக்க வேண்டும். புத்தி எங்கே போச்சு? அவரும் கூடவே இறங்கி வந்தார். என்ன தேடுகிறோம் என்று யார்டுக்காரரிடமே நேராகக் கேட்டார். அந்த மனுஷன் பொறுமையாக விளக்கினார்: "முன்சக்கர சென்சார்மா. அது போச்சுன்னா டேஷ்போர்டுல மஞ்சள் விளக்கு எரியும். எல்லா வண்டிலயும் அப்படித்தான்."

அண்ணி என்னைப் பார்த்தார். கணக்கில் தில்லுமுல்லு செய்த கிளார்க்கை அந்தக் காலத்தில் இப்படித்தான் பார்த்திருப்பார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, உடைந்த வண்டிகளுக்கு நடுவே எனக்கு முன்னால் போனார். என் வண்டியின் மறுபக்க முன்சக்கரத்தில் நன்றாக இருக்கும் சென்சாரை மீட்டரில் வைத்துப் பார்த்து அதன் மின்தடை அளவைக் குறித்துக்கொண்டு போயிருந்தேன். அதற்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போனது வேறொரு மாடல் வேனில் இருந்த ஒன்றுதான். அதைக் கண்டுபிடித்ததும் அண்ணிதான்.

திரும்பும் வழியில் சிக்னலில் நின்றபோது கேட்டார்.

"ஏன் அப்படிச் சொன்ன?"

"நீங்க கத்துறீங்க அண்ணி."

"அதை என்கிட்டயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா கத்துவீங்களே."

பச்சை விழுந்தது. கியர் போட்டு அலுங்காமல் எடுத்தார். வீடுவரை மூச்சு விடவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

பழிவாங்கல் வந்து சேர்ந்தது, இரண்டு பெட்டியோடு.

அவர் வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்களாம், வாசனை ஒத்துக்கொள்ளாதாம். "வந்து ஒரு மாசம் இருங்கன்னு இவதான் கெஞ்சினா" என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார். இவர் நெகிழ்ந்துபோய் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் என்ன சொல்ல? "ஆமா" என்றேன். இவர் முதுகுக்குப் பின்னால் நின்று அண்ணி எனக்கு ஒரு சிரிப்புக் காட்டினார். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு சிரிப்பை அந்த முகத்தில் பார்த்ததில்லை.

மார்ச் 18, புதன்

வேன் சென்சார் வண்டியில் உட்கார மறுக்கிறது. போல்ட் துளை கொஞ்சம் தள்ளி இருக்கிறது. மூக்கும் நீளம். அப்படியே மாட்டினால் சக்கரத்தோடு சுற்றும் பல் வளையத்தில் இடிக்கும். ரொம்பத் தள்ளி வைத்தாலும் சுற்றுவது அதற்குத் தெரியாது.

பல் என்றதும் என் கணவர் எட்டிப் பார்த்தார். வீட்டின் பின்னறையில் பல்செட் செய்கிறவர். அவருடைய பொடி அரத்தால் துளையை நீளவாக்கில் இழைத்தார். மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒரு வளையம் வெட்டி அடியில் வைத்து மூக்கைத் தேவையான அளவு உயர்த்தினார். "கடவாய்ப் பல்லுக்கு இதைவிடச் சின்ன இடைவெளி" என்று பெருமை வேறு. அண்ணி டார்ச் பிடித்தார். பழைய சென்சாரின் பிளக்கை வெட்டி வேன் சென்சார் வயரோடு முறுக்கிப் பற்றவைத்தது நான். டயரில் உரசாமல் இழுத்துக் கட்டியதும் நான்தான்.

மூன்று பேரும் தரையில் படுத்துக்கொண்டு ஒரே சக்கரத்துக்குள் தலையை விட்டிருந்தோம். அண்ணிக்கும் தம்பிக்கும் சிறுவயதுச் சண்டை ஏதோ ஞாபகம் வந்து டார்ச் ஆடியது. "ஆட்டாதீங்க" என்று கத்தினேன். நான்தான் கத்தினேன்.

மார்ச் 20, வெள்ளி

காலி மைதானம். மழை பெய்து சொதசொதவென்று கிடந்தது. அண்ணி ஓட்டினார். வேகம் கூடியது, விளக்கு எரியவில்லை. "மிதிங்க" என்றேன். இரண்டு காலாலும் மிதித்தார். பிரேக் அவர் காலுக்கடியில் கடகடவென்று உதறியது, வண்டி வழுக்காமல் நேராகப் போய் நின்றது.

"இன்னொரு தடவை" என்றார்.

பெட்ரோல் குறையும்வரை இன்னொரு தடவை.

மார்ச் 27, வெள்ளி

சோதனையில் தேறிவிட்டது. ஆய்வாளர் பித்தளை வளையத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தார், மைதானத்தில் ஓட்டி நிறுத்திப் பார்த்தார், யார் செய்தது என்று கேட்டார். பல்செட் செய்கிறவர் என்றேன். கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்து முறைத்தார். உண்மை சொன்னால் யார் நம்புகிறார்கள்.

ஏப்ரல் 8, புதன்

அண்ணிக்கு லைசென்ஸ். முதல் தடவையிலேயே. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லையாம், இங்கேயே இருக்கிறார். நானும் கிளம்பச் சொல்லவில்லை.

ஏப்ரல் 11, சனி

மத்தியானம் ஸ்கூல் போனுக்கு அண்ணா கூப்பிட்டார். அண்ணி அவர் போனை எடுக்கவில்லையாம்.

"எங்க அவ?"

"வெளிய போயிருக்காங்க."

"யாரு கூட்டிட்டுப் போனா?"

"யாரும் இல்லண்ணா. அவங்களே ஸ்கூல் காரை ஓட்டிட்டுப் போனாங்க."

லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை.

"எப்ப வருவா?" குரல் இறங்கியிருந்தது.

"சொல்லலண்ணா."

உண்மையாகவே சொல்லவில்லை. மாலை ஸ்கூலைப் பூட்டிவிட்டு நான் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். நல்ல கூட்டம், உட்கார இடம் இல்லை.