நான் போகாத பள்ளத்தாக்கு

அக்கா,

இன்று காலை ஊசி போட்டுக்கொள்ள வில்லியனூர் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து என் தோளில் தேய்த்தாள். அந்த வாசனை ஏறியதும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். வலிக்குமா என்று பயப்படுகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். எனக்கோ மதராஸில் நாம் இரண்டு பேரும் மஞ்சள் காய்ச்சல் ஊசிக்காக வரிசையில் நின்ற நாள் ஞாபகம் வந்துவிட்டது. நீ முன்னால் நின்றாய். நான் உன் பின்னால், உடம்பெல்லாம் அனலாகக் கொதிக்க நின்றேன்.

உன் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் படையில் சொல்தாச் சிப்பாயாக இருந்து ஆப்பிரிக்காவில் ஜிபூத்தியில் இறந்து, அங்கேயே அடக்கமும் ஆனவர். இத்தனை வருஷம் கழித்து நீ அந்தக் கல்லறையைப் பார்க்கப் போகிறேன் என்றதும் குடும்பத்தில் எல்லாருக்கும் கண் கலங்கியது. மாதா கோயில் சாமியார் பூசையில் உனக்காக ஜெபிப்பதாகச் சொன்னார். அதோடு நிறுத்தியிருந்தால் ஊரே உன்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும். நீ நிறுத்தவில்லை. முதலில் நைரோபி, அங்கே ஊரைச் சுற்றிப் பார்ப்பது, பிறகு கென்யாவில் சிங்கம், எல்லை தாண்டித் தான்சானியாவில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு, அதற்கப்புறம்தான் ஜிபூத்தி என்றாய். மூன்று நாடு, இரண்டே வாரம்.

பிரான்சில் இருந்த உன் மகள் வேண்டாம் என்றாள். சாமியார், கல்லறைக்குப் போவது சரி, இந்த மிருகம் பார்க்கிற வேலை எதற்கு என்று கேட்டார். நீ அவரிடம் மிகவும் பணிவாக, "சாமி, நீங்க ரோமுக்குப் போனப்ப ஊரச் சுத்திப் பாக்காமயா வந்தீங்க?" என்றாய். அவர் சிரித்துவிட்டார்.

நான்தான் விடவில்லை. உனக்கு நெஞ்சில் கோளாறு. மேடு ஏறினால் மூச்சு வாங்கும். சந்தையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள்ளேயே வழியில் நின்று நின்று வருவாய். நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பூகோள டீச்சரிடம் அட்லஸ் வாங்கி வந்து உன் கட்டிலில் விரித்து, பார், எவ்வளவு தூரம் என்று காட்டினேன். நீ அதில் விரலை வைத்து ஊர் ஊராக நகர்த்தி வழி பார்க்க ஆரம்பித்துவிட்டாய்.

"கல்லறையப் பாத்து அழுவறதுக்கு மட்டும் அவ்ளோ தூரம் போவணுமாடி? அழுவறத இங்கியே அழுதுட்டேன். சிங்கம் கீற நாடு பக்கத்துலதான் கீது, அடுத்த லீவுல ரெண்டு பேரும் போலாம்னு அவரு சொன்னாரு. அந்த லீவு வர்ல. எனக்குப் பாக்கணும்," என்றாய்.

தனியாக அனுப்ப மனம் ஒப்பாமல்தான் நானும் கிளம்பினேன். உனக்குப் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், எனக்கு இந்தியப் பாஸ்போர்ட். எங்காவது நம்மைப் பிரித்துவிடுவார்களோ என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. விமானம் விழுவதில் தொடங்கி, வண்டிக் கண்ணாடியைச் சிங்கம் உடைப்பது வரை ஒவ்வொன்றாக நினைத்துப் பயந்தேன். உன் மாத்திரைகளை மூன்று பையில் பிரித்துப் போட்டேன், ஒரு பை தொலைந்தாலும் இன்னொன்று இருக்கட்டும் என்று. மதராஸ் டாக்டர், காய்ச்சலோடு ஊசி போட முடியாது, குணமானதும் வாருங்கள் என்று என்னைத் திருப்பி அனுப்பினார். உனக்கு அன்றே போட்டார்கள். எனக்குப் புறப்படுவதற்குச் சற்று முன்னால்தான் போட முடிந்தது. போட்டாகிவிட்டது என்ற நிம்மதியில் அந்த ஒன்றை மட்டும் என் கவலைகளிலிருந்து எடுத்துவிட்டேன்.

நைரோபியில் நம் அண்ணன் மகன் அந்துவான் விமான நிலையத்துக்கு வந்திருந்தான். அங்கே ஒரு குஜராத்திக் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தான். உயரமான கட்டடத்தின் உச்சிக்கு லிப்டில் போனபோது நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். உச்சியில் நின்று கீழே தெரிந்த ஊதாப் பூ மரங்களை எல்லாம் நீ எனக்குச் சொன்னாய். காட்டிலும் அதே கதைதான். முதல் சிங்கம் வண்டிக்குப் பக்கத்தில் வந்து படுத்தபோது நான் இருக்கைக்குக் கீழே குனிந்து ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தேன். "கொட்டாவி வுடுதுடி, அவ்ளோதான், பாரு," என்று நீ என் முதுகில் தட்டினாய். நிமிர்ந்தபோது அதன் வால் நுனிதான் தெரிந்தது.

தான்சானியா எல்லைச் சாவடிக்கு நாம் ஒரு சுற்றுலா வண்டியில் போனோம். அந்துவானும் கூட வந்தான். வயதான பிரெஞ்சுத் தம்பதி ஒன்று வண்டியில் இருந்தது. அந்த அம்மாவோடு நீ உனக்குத் தெரிந்த பிரெஞ்சில் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாய். பாஸ்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த அதிகாரி என் ஊசிச் சீட்டைப் பார்த்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் செல்லும், எனக்கு இன்னும் ஆகவில்லை என்றார். கென்யாவுக்குள் வரும்போது யாரும் அதைக் கேட்கவில்லை. இங்கே கேட்டார்கள். அந்துவான் எவ்வளவோ பேசிப் பார்த்தான். அவர் கோபப்படவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. முடியாது என்று மட்டும் சொன்னார்.

மற்றவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பிவிடலாம் என்று நீ சொல்லுவாய் என்று நினைத்து, நான் உன் பையை இறக்கப் போனேன். நீ என் கையைப் பிடித்தாய்.

"நான் போய்ட்டு வரேன்," என்றாய்.

"தனியாவா? உனக்கு அங்க எதுனா ஆச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்க்கா?"

"ஆனா ஆவட்டும். இப்டியே திரும்பிட்டா நம்ம ரெண்டு பேருமே பாக்காதவங்க. நான் போனா ஒருத்தியாச்சும் பாத்தவ."

அந்துவான் உன்னோடு வருகிறேன் என்றான். "நீ அத்தையோட இரு, அவதான் பயந்துகினு கெடப்பா," என்று சொல்லிவிட்டு ஏறினாய். வண்டி தடையைத் தாண்டிப் போனது. நீ திரும்பிப் பார்க்கவில்லை. அது எனக்கு அப்போது மிகவும் கோபமாக இருந்தது.

எல்லை ஊரில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தோம். கடைக்காரரின் மனைவி, குஜராத்திப் பெண், எனக்கு ரொட்டியும் பருப்பும் கொண்டுவந்து வைப்பாள். பேச்சு புரியாவிட்டாலும் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எனக்கு எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. அந்தப் பள்ளத்தாக்கின் விளிம்பு மலை உயரம் என்று வண்டிக்காரன் சொன்னது காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. நீ மூச்சுக்குத் திணறுவதாக, மாத்திரைப் பை கைக்கு எட்டாமல் தேடுவதாக மனம் படம் படமாகக் காட்டியது. போன் போட்டு விசாரிக்க வழி இல்லை. திரும்ப வேண்டிய நாளில் மதியத்திலிருந்து சாவடியருகே நின்றேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்த ஒவ்வொரு வண்டிக்குள்ளும் எட்டிப் பார்த்தேன். உங்கள் வண்டி வரவில்லை. வெயில் இறங்கியது. உன் மகளுக்கு எப்படித் தந்தி கொடுப்பது, என்ன வார்த்தை எழுதுவது என்று நான் யோசிக்கவே ஆரம்பித்துவிட்டேன்.

சாவடியை மூடப்போகிற நேரத்துக்கு வண்டி வந்தது. வழியில் அச்சு உடைந்துவிட்டதாம். நீ இறங்கினாய். புடவையெல்லாம் செம்மண். தலையில் அந்தப் பிரெஞ்சம்மாவின் தொப்பி. என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "சாப்டியா?" நான் உன் தோளில் விழுந்து அழுதேன். நீ தொப்பியைக் கழற்றி என் முகத்துக்கு விசிறிக்கொண்டே சொல்ல ஆரம்பித்தாய்.

விளிம்பில் பனியாம். கீழே ஒன்றுமே தெரியவில்லையாம். வண்டி செங்குத்தாக இறங்க இறங்கப் பனி விலகி, கோடையில் வற்றின பாகூர் ஏரி மாதிரி ஒரு தரை, ஆனால் கண்ணுக்கு எட்டிய மட்டும் தரை. தூரத்தில் கறுப்புக் கல் ஒன்று கிடந்ததாம். அது எழுந்து நடந்ததாம், காண்டாமிருகம். தண்ணீர் மேல் ரோஸ் கலர் துணி காயப்போட்ட மாதிரி பறவைகளாம். வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு காட்டெருமைக் கன்று பிறந்து, விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்து, பிறகு தாயின் பின்னால் ஓடியதாம்.

"மேல நிக்கும்போது மூச்சு அடச்சிகிச்சு," என்று அப்புறம் மெதுவாகச் சொன்னாய். "நெஞ்சப் புடிச்சிகினு குந்திட்டேன். நீ பக்கத்துல இருந்தா திரும்பிடலாம்னு சொல்லியிருப்ப. நானும் சரின்னு வந்திருப்பேன்."

நீ சொன்னது உண்மைதான்.

ஜிபூத்தியில் வெயில் கொளுத்தியது. வெள்ளை வளைவுகள் வைத்த வீடுகளைப் பார்த்து, நம்ம புதுச்சேரி மாதிரியே இருக்கிறது என்றாய். கல்லறையில் நீ அழவில்லை. குனிந்து கல்லைத் துடைத்துவிட்டு, அவரிடம் பேசுகிற மாதிரி ஏதோ முணுமுணுத்தாய். சிங்கம் என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. நான் தள்ளிப்போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு நீ சில வருஷம்தான் இருந்தாய். கடைசி மாதத்தில் பேசினாலே உனக்கு மூச்சு இரைத்தது. அதனால் தினமும் உன் கட்டிலருகே உட்கார்ந்து அந்தப் பள்ளத்தாக்கை நான் உனக்குச் சொல்வேன். பார்க்காதவள் பார்த்தவளுக்குச் சொன்னேன். பறவைகளை இடது பக்கம் வைத்தால், இல்லை என்று விரலை அசைத்து வலது பக்கம் காட்டுவாய். கன்று எத்தனை தரம் விழுந்தது என்று தவறாகச் சொன்னால் முகத்தைச் சுளிப்பாய். சரியாகச் சொன்ன அன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாய். மேலே சொல்லு என்று உதடு மட்டும் அசைந்தது.

நான் இன்னும் பயந்தவள்தான் அக்கா. என் பேரப்பிள்ளைகள் பஸ் ஏறினால் அவர்கள் போய்ச் சேர்ந்த செய்தி வரும்வரை வாசலிலேயே நிற்கிறேன். மாத்திரையை இப்போதும் மூன்று பையில்தான் போடுகிறேன். ஆனால் சில நாள் கண்ணை மூடினால் அந்த விளிம்பு வந்துவிடுகிறது. பனி விலகுகிறது, வண்டி செங்குத்தாக இறங்குகிறது. நான் எதையும் பிடித்துக்கொள்வதில்லை. கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ பார்த்துச் சொல்லியிருக்கிறாய்.