முன்னாள் மருமகன் பொறுப்பில்

வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ
07 ஒக்டோபர் 2024

திரு. றெமிஜியஸ் அவர்களுக்கு,

நலம் விசாரிக்கிற வழக்கம் எங்களுக்குள் விட்டுப்போய்விட்டது. ஆனாலும், நலம்தானே?

ஜூலியஸ் அங்கிள் நேற்றுப் போன் பண்ணினார். அவருடைய பொன்விழாத் திருமண நாளுக்கு டெட்ரோயிட் போன அப்பா, கேக் வெட்டுகிற நேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டாராம். அம்புலன்சில் ஏற்றினார்களாம். தனக்கு எண்பது வயது, காதும் கேளாது, டெட்ரோயிட்டில் கார் வைத்திருக்கிற தமிழன் என்று தனக்குத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான், அதனால் உங்களைக் கூப்பிட்டதாகச் சொன்னார். "பிள்ளை, கோவிக்காதை. அவசரத்துக்குப் பாவமில்லை" என்றார்.

நீங்கள் உடனே போனதற்கு நன்றி. நான் வர வழியில்லை. பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் இன்னும் திரும்பவில்லை.

ஒரு வேண்டுகோள். போன் வேண்டாம். போனில் கதைத்தால் இரண்டு நிமிடத்தில், நீங்கள் என்னைக் கேட்காமல் மிச்சிகன் வேலைக்கு ஓம் சொன்ன கதைக்குப் போய்விடுவோம். நீதிமன்றமும் பிரித்து, ஆயரின் மன்றமும் பிரித்த பிறகு அந்த வழக்கை மறுபடி விசாரிக்க எனக்குத் தெம்பில்லை. எழுதுங்கள். ஈமெயிலில் அனுப்பினால், பஸ் ஓட்டி முடிந்ததும் வாசிப்பேன்.

அப்பா முகத்தைத் திருப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே அவர் உங்கள் பெயரைச் சொல்வதில்லை. "உவன்" என்றுதான் சொல்வார்.

இப்படிக்கு,
எ. அருள்மலர்


டெட்ரோயிட்
08 ஒக்டோபர் 2024

அருள்,

மாமா உயிரோடு இருக்கிறார். கோபமாகவும் இருக்கிறார். என்னைக் கண்டதும் நேர்சைப் பார்த்து, "உவன் ஏன் வந்தவன்?" என்று தமிழில் கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே இன்னொரு தலையணை கொண்டுவந்து கொடுத்தாள்.

இருதயத்துக்குப் போகும் குழாய்கள் மூன்றில் அடைப்பு. பைபாஸ் செய்யவேண்டும் என்கிறார்கள்.

உறவினருக்கு மட்டும்தான் விவரம் சொல்வோம் என்றார்கள். முன்னாள் மருமகன் என்றேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரில் மேலும் கீழும் தேடினாள். அப்படியொரு உறவு அதில் இல்லையாம். கடைசியில் "மகன்" என்று போடச் சொன்னேன். மாமாவுக்கு இது தெரியாது.

பயணக் காப்புறுதிக் கம்பனிக்குப் போன் எடுத்தேன். ஓர் இயந்திரம் நோயாளியின் முழுப்பெயரைக் கேட்டது. "எட்வேட் மரியாம்பிள்ளை" என்றேன். "எட்வேட், மேரி அண்ட் பில்லி. மூன்று நோயாளிகள். சரியா?" என்றது. இல்லை என்றேன். நன்றி சொல்லி மூன்று கோப்புகளைத் திறந்துவிட்டது.

இங்கே நோவை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவேண்டும். மாமா எப்போது கேட்டாலும் "பரவாயில்லை" என்கிறார். நீர் சொல்லும், "பரவாயில்லை" எத்தனை? நான் நாலு என்று மொழிபெயர்த்தேன்.

றெமிஜியஸ்


வெக்ஸ்போர்ட்
10 ஒக்டோபர் 2024

றெமிஜியஸ் அவர்களுக்கு,

"பரவாயில்லை" எட்டு. அம்மா செத்த அன்றைக்கும் அவர் பரவாயில்லை என்றுதான் சொன்னவர். உடனே போய்த் திருத்துங்கள்.

இன்னொரு திருத்தம். "நீர்" வேண்டாம். அது பெண்சாதிக்கு. நான் "நீங்கள்" என்று எழுதுகிறேன், நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

இன்று ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்தேன். மகனிடம் கேட்கச் சொன்னார்கள். நான் மகள் என்றேன். பதிவில் மகன் மட்டும்தான் இருக்கிறார் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். பெற்ற மகள் வெளியே, விலகிப்போன மருமகன் உள்ளே. நல்ல நாடு.

காப்புறுதிக் கம்பனியில் வேரோனிக்கா என்று ஒருத்தி. பயணத்துக்கு முந்தின மூன்று மாதத்தில் எந்தக் குளிசையும் மாறியிருக்கக்கூடாதாம். அப்பாவின் பிறஷர் குளிசை ஓகஸ்டில் இரட்டிப்பாகியிருக்கிறது, ஆகவே காசு தரமாட்டார்களாம். நடந்தது இதுதான்: பாமசியில் அந்த மாதம் அஞ்சு மில்லிகிராம் முடிந்துவிட்டது. பத்தைக் கொடுத்துப் பாதியாக உடைத்துப் போடச் சொன்னார்கள். அப்பாவும் உடைத்துத்தான் போட்டார். வேரோனிக்கா கேட்கிறாள், உடைத்ததற்கு ஆதாரம் உண்டா என்று. மிச்ச அரைக் குளிசைகளைப் படமெடுத்து அனுப்பினேன். படம் ஏற்கமாட்டார்களாம். டொக்டரின் கடிதம் வேண்டும், அதுவும் பேக்ஸில் வேண்டும்.

நல்லவேளை, டொக்டரின் கிளினிக் என் பஸ் போகிற வழியில். சாப்பாட்டு நேரத்தில் ஓடிப்போய் நின்றேன். முன்மேசையில் இருக்கிற மெலிசா அனுப்பிவிட்டேன் என்றாள்.

அருள்மலர்


டெட்ரோயிட்
12 ஒக்டோபர் 2024

அருள்மலர்,

எட்டு என்று சொன்னதும் மருந்தைக் கூட்டினார்கள். மாமா அமைதியாக நித்திரை கொண்டார். எழும்பியதும், "இப்ப எப்பிடி மாமா?" என்று கேட்டேன். "பரவாயில்லை" என்றார்.

இங்கே டெனிஸ்டன் என்று ஒருவர். நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பும் பிரிவு. காலையில் வந்து, இன்றைக்கு எத்தனை மணிக்குப் புறப்படுகிறார் என்று சிரித்த முகத்தோடு கேட்பார். நெஞ்சைத் திறக்க வேண்டிய மனிதர் எங்கே புறப்படுவது என்றேன். திறப்பது வேறு பிரிவு என்றார்.

சத்திரசிகிச்சை டொக்டர் தயார். அவருடைய ஒஃபிஸ், காப்புறுதியின் சம்மதம் வரட்டும் என்கிறது. காப்புறுதி, ஆஸ்பத்திரியின் அறிக்கை வரட்டும் என்கிறது. ஆஸ்பத்திரி, அந்த டொக்டர் தங்கள் ஆளில்லை, இங்கே வந்து வெட்டுகிறவர் மட்டும்தான் என்கிறது. மயக்க மருந்து கொடுப்பவர் இந்த இரண்டு பேருக்கும் சொந்தமில்லை. நான் தொழிற்சாலையில் தரம் பார்க்கிறவன். ஒரு கார்க் கதவுக்கு நாலு கம்பனி தனித்தனியே திருகாணி பூட்டினால் அந்தக் கதவை வெளியே விடமாட்டேன்.

இப்போது புதுக்கதை ஒன்று. மாமாவை ரொறன்ரோவுக்கு மாற்றி அங்கேயே செய்யலாமாம். அங்கே கட்டில் ஒன்று கிடைத்தால் விமானத்தில் அனுப்புவார்களாம். நீங்கள் கட்டில் தேடுங்கள்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை அவர் தொடவில்லை. நேற்று மீன் சூப் கொண்டுபோனேன். மிளகும் உள்ளியும் அளவாக இருக்கு என்றார். குடித்துவிட்டு நேர்சிடம், "உவர் நல்லாப் பாக்கிறார்" என்றார். "உவன்" இப்போது "உவர்" ஆகிவிட்டது.

றெமிஜியஸ்


வெக்ஸ்போர்ட்
14 ஒக்டோபர் 2024

றெமிஜியஸ் அவர்களுக்கு,

கட்டில் இல்லை. இங்கே மூன்று ஆஸ்பத்திரிக்குப் போன் எடுத்துவிட்டேன். அமெரிக்காவைத் திட்டிக்கொண்டிருந்த வாயை இப்போது எங்கே வைப்பது என்று தெரியவில்லை. இங்கே காசு கேட்கமாட்டார்கள், உண்மைதான். கட்டிலும் தரமாட்டார்கள். இன்றைக்குக் கனடாவில் நன்றி தெரிவிக்கும் நாள், விடுமுறை வேறு. நன்றி சொல்ல ஓர் ஆளும் போன் எடுக்கவில்லை.

பேக்ஸ் கதையைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை வேரோனிக்கா, "உங்கள் ஆவணங்கள் கிடைத்தன, மருத்துவக் குழு பரிசீலிக்கிறது" என்றாள். எனக்கு நிம்மதி. அன்றே மெலிசாவைக் கண்டபோதுதான் தெரிந்தது, அவள் தாள்களைக் கவிழ்த்து வைத்து அனுப்பியிருக்கிறாள். போனதெல்லாம் வெறும் வெள்ளைத்தாள். அதைத்தான் மருத்துவக் குழு உட்கார்ந்து பரிசீலிக்கிறது. மெலிசாவின் பக்கத்தில் நின்று, எழுத்து எந்தப் பக்கம் என்று பார்த்துத் திரும்ப அனுப்பினேன். வெளியே நான் நிறுத்திவைத்த பஸ்சில் சனம் மணி அடித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்று. ஒன்பது வருடம் உங்களோடு இருந்தவள் நான். நீங்கள் முட்டை அவித்தாலும் சட்டி கருகும். மீன் சூப்புக்கு உள்ளி எவ்வளவு என்று உங்களுக்கு யார் சொன்னது?

அருள்மலர்


டெட்ரோயிட்
15 ஒக்டோபர் 2024

அருள்,

வேரோனிக்கா போன் பண்ணினாள். மேரி, பில்லி இருவருடைய கோரிக்கையும் நிராகரிக்கப்பட்டுவிட்டதாம். வருத்தம் தெரிவித்தாள். எட்வேட்டினுடையதை ஏற்றுக்கொண்டார்களாம். மெலிசாவின் இரண்டாவது பேக்ஸ் வேலை செய்துவிட்டது.

ஆனால் மத்தியானம் மாமாவுக்கு மறுபடி நெஞ்சு நோ. ரொறன்ரோக் கட்டிலுக்குக் காத்திருக்க ஏலாது, நாளைக் காலை இங்கேயே செய்கிறேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். ஆபத்து இருக்கிறது. ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அவர் கதைக்க முடியாத நிலை வந்தால் யார் முடிவெடுப்பது என்று கேட்டார்கள். ரொறன்ரோவில் மகள் இருக்கிறா என்று நான் சொல்லத் தொடங்கினேன். மாமா என்னைக் கையால் காட்டி, ஆங்கிலத்தில் "ஹிம்" என்றார்.

"மாமா, அருள் இருக்கிறா" என்றேன்.

"அவள் பஸ் ஓடேக்க போன் எடுக்கமாட்டாள். எடுக்கவும் கூடாது. எனக்கு ஒண்டெண்டால் அம்பது சனத்தோட எங்கையும் கொண்டுபோய் இடிப்பாள். உவர் பக்கத்தில நிக்கிறார். உவர் சொல்லட்டும்."

உம்மைக் கேட்காமல் நான் கையெழுத்து வைக்கமாட்டேன். "நீர்" வந்துவிட்டது. இன்றைக்கு மட்டும் விட்டுவிடும்.

றெமிஜியஸ்


வெக்ஸ்போர்ட்
15 ஒக்டோபர் 2024

ஓம். வையுங்கள்.

கோபமில்லை என்று எழுதி அழித்துவிட்டேன். கோபம்தான். என்னைத் தூக்கி வளர்த்த மனிதர் உங்களைக் காட்டிக் கை நீட்டியிருக்கிறார். ஆனால் அவர் சொன்னது சரி. பஸ் ஓட்டும்போது நான் போன் எடுக்கமாட்டேன்.

நாளைக்கு வேலைக்குப் போகிறேன். வீட்டில் இருந்தால் சுவரோடு கதைப்பேன். அப்பாவிடம் சொல்லுங்கள், கண் முழித்ததும் பரவாயில்லை என்று சொல்லவேண்டாம், நோகுதென்றால் நோகுது என்று சொல்லச் சொல்லி.

நாளைக்கு மட்டும் நீங்கள் எனக்குப் போன் பண்ணலாம். பஸ்சை நிறுத்திவிட்டுக் கதைக்கிறேன்.

அருள்


டெட்ரோயிட்
18 ஒக்டோபர் 2024

அருள்மலர்,

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்ததைப் போனில் சொல்லிவிட்டேன். பத்து நிமிடம் கதைத்தும் சண்டை வரவில்லை. பாதி நேரம் நீங்கள் அழுதீர்கள், மீதி நேரம் பின்னால் யாரோ பஸ் எப்போது எடுப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

போனில் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். நேற்று நேர்ஸ் நோ எத்தனை என்று கேட்டாள். மாமா என்னைப் பார்த்தார், யோசித்தார், "நைன்" என்றார். அவள் பயந்துபோய் டொக்டரைக் கூட்டிவந்தாள். நான் மூலையில் நின்று சந்தோஷப்பட்டேன். அதற்குள் டெனிஸ்டன் வந்து எத்தனை மணிக்குப் புறப்படுகிறார் என்றார்.

இனி உங்கள் கேள்வி. சூப் வைத்தது றெஜினா. மன்னார்ப் பிள்ளை, புருஷன் இறந்துவிட்டார். எங்கள் பங்குக் கோயிலில் பாடுகிறவ. நாங்கள் கலியாணம் செய்ய யோசித்திருக்கிறோம். ஜூலியஸ் அங்கிளுக்கு வேண்டிய எதுவும் கேளாது, வேண்டாததெல்லாம் கேட்கும். அவர் சொல்லி நீங்கள் அறியக்கூடாது.

மாமாவுக்குத் தெரியும். இரண்டாம் தரம் தானே சூப் சட்டியோடு வந்தவவைப் பார்த்து, "பிள்ளை ஆர்?" என்றார். நான் சொன்னேன். சூப்பை முழுதும் குடித்து முடித்தார். பிறகு, "மன்னாரில எவடம்?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரி விட்டதும் ஒரு கிழமை என் வீட்டில் வைத்திருந்து, எல்லை தாண்டி வின்ட்சர் வரை கொண்டுவந்து தருகிறேன்.

றெமிஜியஸ்


வெக்ஸ்போர்ட்
02 மார்ச் 2025

அன்புள்ள றெமிஜியஸ்,

பதில் எழுதப் பிந்திவிட்டது. வேலை என்று எழுதலாம், ஆனால் நம்பமாட்டீர்கள்.

வின்ட்சரில் கார் நிறுத்துமிடத்தில் அப்பாவை ஏற்றிக்கொண்டு, நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உங்கள் காரின் முன்சீட்டில் றெஜினா இருந்தா. இறங்கவில்லை. அது எனக்காகத்தான் என்று பாதை முழுதும் விளங்கிக்கொண்டுதான் வந்தேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், மருந்துகளைக் காலை, மத்தியானம், பின்னேரம் என்று தமிழில் எழுதித் தனித்தனியாகக் கட்டியிருந்தா. ஆஸ்பத்திரி கொடுத்த நாற்பது பக்கத்தில் விளங்காதது அந்த மூன்று சொல்லில் விளங்கியது.

இரண்டு நாள் கோபமாக இருந்தேன். யாரோடு கோபிப்பது என்று தெரியாமல் அது நின்றுவிட்டது.

அப்பா நல்ல சுகம். போனைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்குப் போகிறார், கதவையும் சாத்துகிறார். உங்களோடுதான் கதைக்கிறார் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும். பிறகேன் அந்தக் குளிரில் நிற்கிறார் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

போன மாதம் காப்புறுதிக் கம்பனியிலிருந்து பில்லிக்குக் கடிதம் வந்தது. மேன்முறையீடு செய்ய இன்னும் அவகாசம் இருக்கிறதாம்.

உங்கள் கலியாண அழைப்பிதழ் கிடைத்தது. உறையில் அப்பாவின் பெயர் மட்டும் இருந்தது. அது சரிதான். என் பெயரையும் போட்டிருந்தால் நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா வாசித்துவிட்டு, "உவருக்குத் தகப்பனுமில்லை. கோயிலில ஆர் முன்னுக்கு நிக்கிறது?" என்றார்.

"நீங்கள் என்ர அப்பா" என்றேன்.

"ஓம். அதுக்கு?"

அடுத்த நாளே கோட் தைக்கக் கொடுத்துவிட்டார்.

இவ்வளவு தூரம் தனியாகப் பஸ்சில் வர டொக்டர் விடமாட்டார். பாஸ்போர்ட் வந்துவிட்டது, ஆகவே நான்தான் காரில் கூட்டிவரவேண்டும். கோயில் வாசலில் இறக்கிவிட்டு ஜூலியஸ் அங்கிள் வீட்டில் போய் இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். அவரும் கோயிலுக்குத்தானே வருவார். பூட்டின வீட்டுக்கு முன்னால் நான் நிற்க ஏலாது. கோயிலில் பின்வரிசை வாங்கில் இருக்கிறேன். றெஜினாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், திடுக்கிடக்கூடாது.

லீவு கேட்கப் போனேன். எங்கள் சுப்பர்வைசர் அலெக்ஸாண்டர், யாருடைய கலியாணம் என்று கேட்டார். தமிழில் எங்களுக்கு எல்லா உறவுக்கும் பெயர் உண்டு, கொழுந்தனின் மச்சாளுக்கும் உண்டு. இதற்கு ஒன்றும் வரவில்லை. ஆங்கிலத்திலும் தேடிப் பார்த்தேன். பின்னால் லைன் நீண்டுகொண்டு போனது. குடும்பத்துக் கலியாணம் என்றேன். அப்படியென்றால் ஒரு நாள் காணாதே, இரண்டு நாள் எடு என்றார்.

எடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அருள்மலர்