ஏரிக்கு முன்னால் திரும்பிய கார்

அன்பையும் அதட்டலாகவே காட்டிய என் அத்தைக்கு,

முந்தாநாள்தான் திபெத்தில், லாசாவிலிருந்து ஆக்லாந்து திரும்பினோம், உங்கள் மகனும் நானும். நீங்கள் இருந்தவரை மூன்று நாள் லீவுகூடக் கிடைக்காத அருணுக்கு இந்த முறை பத்து நாள் கிடைத்தது. யாம்ட்ரோக் ஏரியைப் பார்த்துவிட்டோம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

மாமா போன பிறகு திருச்சியிலிருந்து ஆக்லாந்தில், சான்ட்ரிங்ஹாமில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள். முதல் ஒரு வருஷம் மாமியாரும் மருமகளும் ரொம்ப மரியாதையாகப் பேசிக்கொண்டோம். ஒரு நாள் வேலை முடிந்து கதவைத் திறக்கிறேன், போனில் உங்கள் தங்கையிடம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்: "நல்லாத்தான் பாத்துக்கறாங்க. ஆனா விருந்தாளி மாதிரி இருக்கேன்டி." காதில் விழாததுபோல உள்ளே போய் அரிசி களைந்தேன்.

லாசா உங்கள் ஆசை. "டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல முப்பது வருஷம் ஊர் ஊரா லைன் போட்டுக் குடுத்தேன். நான் ஒரு ஊருக்கும் போனதில்ல" என்பீர்கள். டிவியில் அந்த ஏரியைப் பார்த்ததிலிருந்து அதே பேச்சு. கடைசி நேரத்தில் அருணுக்கு லீவு இல்லை என்றாகிவிட, நாம் இருவர் மட்டும் கிளம்பினோம். விமானத்தில் எனக்கு மலை உயரத்தைப் பற்றிப் பயமில்லை. ஒரு வாரம் உங்களோடு என்ன பேசுவது என்பதுதான் பயம்.

இரண்டு நாள் ஓய்வெடுத்துவிட்டு செரா மடாலயம் போனோம். முற்றத்தில் துறவிகள் வாதம் செய்துகொண்டிருந்தார்கள். நிற்பவர் கேள்வியைக் கேட்டு உள்ளங்கையைப் படீரென்று தட்டுவார். உட்கார்ந்திருப்பவர் பதில் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் நீங்கள் அங்கிருந்து நகரவில்லை. "எவ்வளவு சத்தமா கேக்கறாங்க பாரு. ஒருத்தரும் கோச்சுக்கல" என்றீர்கள்.

மறுநாள் ஏரி. வளைந்து வளைந்து ஏறும் பாதையில் பாதிக்கு மேல் எனக்குத் தலை பிளந்தது. வாந்தி எடுக்க இறங்கியவள் நிற்க முடியாமல் தள்ளாடினேன். வழிகாட்டியாக வந்த திபெத்தியப் பெண் டோல்மா ஆக்சிஜன் டின்னை என் மூக்கில் வைத்தாள். கணவாய்க்கு இன்னும் பத்து நிமிஷம்தான், அங்கிருந்தே ஏரி தெரியும்.

"போயிடலாம் அத்தை. எனக்கு ஒண்ணுமில்ல."

நீங்கள் டிரைவரின் தோளைத் தட்டி, "டர்ன். கோ டவுன்" என்றீர்கள். கீழே இறங்கும்வரை என் தலை உங்கள் மடியில் இருந்தது. ஜன்னல் வழியாக ஒரு தடவையாவது அந்த மலையை நீங்கள் திரும்பிப் பார்த்தீர்களா என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை டோல்மா உங்களை மட்டும் அழைத்துப் போகிறேன் என்று வந்தாள். நானும் கெஞ்சினேன். "உன்ன இந்த ஊர்ல ஒத்தையா விட்டுட்டு ஏரியப் பாத்து நான் என்ன பண்ண?" என்றீர்கள். பிறகு கட்டிலில் என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள்: "நான் உங்களோட இருக்கறது உனக்குக் கஷ்டமா இருக்கா, மாலதி?"

கேட்டுவிட்டுக் காத்திருந்தீர்கள்.

"சில நாள், ஆமா அத்தை."

"எனக்கும் சில நாள்."

அன்றைக்குத்தான் முதல்முறையாக நாம் இருவரும் சேர்ந்து சிரித்தோம். போனில் பேசியது காதில் விழுந்ததையும் சொல்லிவிட்டேன். "பின்ன என்ன? வெங்காயம் உரிக்கக்கூட நீ என்கிட்ட குடுக்கலையே" என்றீர்கள். உட்கார வைத்திருப்பதுதான் மரியாதை என்று நான் நினைத்திருந்தேன், அத்தை.

அதற்குப் பிறகு நம் சமையலறையில் எத்தனை சத்தம். ஒரு நாள் நிலா ஓடிவந்து, "ஆர் யூ டூ ஃபைட்டிங்?" என்று கேட்டாள். "இல்லடி, பேசிட்டிருக்கோம்" என்று பேத்தியை அனுப்பிவிட்டு, என் ரசத்தைத் திட்டுவதைத் தொடர்ந்தீர்கள். அந்த ஏழு வருஷத்துக்கு நான் எப்படி நன்றி சொல்ல?

மறுபடி லாசா போக உங்கள் இதயம் தாங்காது என்று டாக்டர் சொன்னபோது, சரி என்று தலையாட்டினீர்கள். உள்ளுக்குள் வருத்தம் இருந்ததா? போன குளிர்காலத்தில் நீங்கள் கண்ணை மூடும்வரை அதை மட்டும் நான் கேட்கவே இல்லை.

ஏரி டிவியில் பார்த்ததுபோல இல்லை. மலைகளுக்குள் வளைந்து வளைந்து போகிறது, எங்கே நின்றாலும் முழுசாகத் தெரியவில்லை. நீலமும் ஒரே நீலம் இல்லை, மேகம் நகர நகர மாறுகிறது. அருண் கேட்டார், கார் எங்கே திரும்பியது என்று. கீழே தெரிந்த ஒரு வளைவைக் காட்டினேன். ஏரிக்கு முதுகைக் காட்டியபடி அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இவ்வளவு கிட்ட வந்துட்டாங்களா அம்மா?"

ஆமாம் என்றேன்.

அடுத்த மாதம் என் அம்மா எங்களோடு இருக்க வருகிறார். உங்கள் அறைதான் அவருக்கு. பத்திரமாக மட்டும் இல்லை, சண்டை போட்டும் பார்த்துக்கொள்வேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

நீங்கள் பத்திரமாகத் திருப்பி அழைத்து வந்த மருமகள்,
மாலதி